நெடி இல்லாத சால்வென்ட்

ஜனவரி 6

தையல் நூல் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. எந்தக் கம்பெனியில் எந்த மெஷினுக்கு என்ன வேலை செய்தேன் என்று குறித்து வைக்கலாம் என்று எடுத்தேன். சம்பளத்துக்கு மெக்கானிக்காக இருந்தவரை இதெல்லாம் தேவைப்படவில்லை. வேலை பார்த்த பனியன் யூனிட்டை மூடிவிட்டார்கள். இனி முதலாளியும் நானே, வேலையாளும் நானே.

பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் நின்றுபோனால் எனக்கு போன் வரும். மெஷின் தலையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவேன். பஞ்சும் பழைய எண்ணெயும் சேர்ந்து களிம்பாக அப்பியிருக்கும் பாகங்களைக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, திரும்ப மாட்டிக் கொடுக்க வேண்டும். வேலையில் பாதி கழுவுவதுதான்.

வசந்தாமணி பின்னறையை எனக்குக் காலி செய்து கொடுத்தாள். "ரூமு உங்களுக்குன்னா கட்டிலு எங்கீங்க போறது?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள்.

ஜனவரி 18

பொங்கலோடு கழுவும் தொட்டியும் தயார். பழைய இரும்புக் கடையில் கிடைத்த எவர்சில்வர் சிங்க், அடியில் ஒரு டிரம், டிரம்மில் இருப்பதை மேலே ஏற்ற ஏர்கூலர் மோட்டார், குழாயின் முனையில் பிரஷ். சுவிட்சைப் போட்டால் பிரஷ் வழியாகவே ஊற்றுகிறது. இதையே கடையில் வாங்கப் போனால் என்னால் முடியாது.

வசந்தாமணி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். "இத்தன வருசமா பாத்திரம் கழுவறேன், எனக்கு இப்பிடி ஒண்ணு செஞ்சு குடுக்கத் தோணல பாருங்க." சிரித்தோம்.

ஜனவரி 23

மண்ணெண்ணெயில் கழுவினேன். அழுக்கு நன்றாகப் போகிறது. ஆனால் பின்னறை ஜன்னல் மாடிப்படியைப் பார்த்துத் திறக்கிறது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா படி இறங்கி வந்துவிட்டார்.

"சிகாமணி, சாமி ரூமு வரைக்கும் சீமெண்ணெ நாத்தம் வருது. குடியிருக்கத்தான் வீடு குடுத்தது, ஒர்க்ஷாப்பு வெக்கறதுக்கில்ல."

"இனி வராதுங்கம்மா" என்றேன். எப்படி வராமல் செய்வது என்று தெரியாமலே சொன்னேன்.

ஜனவரி 31

இந்த வாரம் முழுக்கச் சோதனைதான். டீசல்: நெடியும் குறையவில்லை, பிசுபிசுப்பும் போகவில்லை. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுக் கறை விழுந்தால் அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடாது. தின்னர்: கை எரிந்தது, ரப்பர் சீல் உப்பிப் போனது. பெட்ரோல் வேண்டவே வேண்டாம், மோட்டாரில் ஒரு பொறி போதும். சுடுதண்ணீரும் சோப்பு ஆயிலும்: நெடி இல்லை, செலவும் இல்லை. ஆனால் ஊற வேண்டும், தேய்க்க வேண்டும், வெயிலில் காய வேண்டும். எண்ணெய் பூச மறந்த லூப்பர் கொக்கியில் மறுநாளே துரு. எனக்கு அத்தனை பொறுமை இல்லை.

பிப்ரவரி 5

கிடைத்துவிட்டது. துணியில் கறை எடுக்கும் மருந்து விற்கும் கெமிக்கல் கடையில் விசாரித்தேன். சால்வென்ட் என்று ஒரு கேனை எடுத்து வைத்தார்கள், அதில் பெயர் எதுவும் இல்லை. தண்ணீர் போலத் தெளிவு. கடைக்காரர் மேஜையில் ஒரு சொட்டு விட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோனது. விலையும் மண்ணெண்ணெயைவிடக் குறைவு.

"நெடி அடிக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"மோந்து பாருங்கண்ணா. லேசா இருக்கும், உடனே போயிரும். சமையல் எண்ணெ மில்லுல இதை வெச்சுத்தான் எண்ணெ எடுக்கறாங்க. நாம திங்கற எண்ணெ."

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

பிப்ரவரி 6

அற்புதம். களிம்பு வெண்ணெய் போல வழிந்தது. பிரஷ்ஷை எடுத்ததும் பாகம் காய்ந்துவிடுகிறது. மேலிருந்து யாரும் வரவில்லை. இருந்தாலும் ஜன்னலையும் கதவையும் சாத்தித்தான் கழுவினேன்.

மதியம் கொஞ்ச நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 9

இனி கழுவுவதை வசந்தாமணி பார்த்துக்கொள்வாள். நான் வெளியே போய் நாலு கம்பெனி ஏறி இறங்கினால்தான் வேலை வரும். அவளுக்கு விரல் நுணுக்கம், ஒரு திருகு காணாமல் போகாது. கதவைச் சாத்திக்கொண்டே கழுவச் சொல்லியிருக்கிறேன். "சமையல் எண்ணெ மில்லுல இருக்கறதுதான்" என்று அவளிடமும் சொன்னேன்.

மார்ச் 12

வேலை குவிகிறது. காலையில் கொடுத்தால் மாலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று என்னைப் பற்றிப் பேச்சு. வசந்தாமணி காலையில் சமையலை முடித்துவிட்டு உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருகிறாள்.

பழைய யூனிட்டில் என்னோடு வேலை பார்த்த ஆரோக்கியராஜ் வந்தான். திண்டுக்கல் பக்கத்துக்காரன். அவனும் இப்போது தனியாகத்தான் செய்கிறான். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அண்ணே, இதுல என்னண்ணே ஊத்துறீங்க? பாகம் புதுசு மாதிரி மின்னுது." கடையைச் சொல்லிக் கொடுத்தேன். "நெடி இல்ல, காசும் மிச்சம், சமையல் எண்ணெக்குப் போடறது" என்று நானே கண்டுபிடித்தது போலச் சொன்னேன்.

ஏப்ரல் 3

வசந்தாமணிக்குப் பசி இல்லை. வெயில்தான் காரணம்.

ஏப்ரல் 19

மார்க்கெட்டுக்கு நடந்து போனோம். பாதி வழியில் பார்த்தால் இவள் ஒரு காலில் மட்டும் செருப்போடு வருகிறாள். இன்னொன்று எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பிப் போய்த் தேடினேன். சாலை நடுவே கிடந்தது. "செருப்பு கழண்டது கூடத் தெரியாம நடப்பியா புள்ள?" என்று கேலி செய்தேன். பக்கத்தில் நின்ற பூக்காரியும் சிரித்தாள். வசந்தாமணி சிரிக்கவில்லை. "காலு பஞ்சு மேல வெக்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். பின்னால் வார் வைத்தது.

மே 8

திருகு போட்டிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவசர வேலை, வண்டியில் கம்பெனி ஆள் காத்திருக்கிறான். "கவனம் எங்க இருக்குது?" என்று கத்தினேன். அவள் குனிந்து பொறுக்கினாள். விரலுக்குள் நிற்காமல் திருகு நழுவி நழுவிப் போனது. கடைசியில் காந்தத்தை எடுத்துத் தரையில் ஓட்டி எல்லாவற்றையும் சேர்த்துவிட்டாள். நல்ல யோசனை.

மே 27

சேலைக்கு ஊக்குக் குத்தச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. குத்திவிட்டேன். தோளில் எலும்பு தட்டுப்பட்டது.

ஜூன் 15

பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனோம். சர்க்கரை இல்லை. சத்துக் குறைவு என்று ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார். "என்னம்மா வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "வீட்டு வேலைதானுங்க" என்றேன்.

ஜூன் 16

ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டேன். உட்கார்ந்தபடியே கழுவலாம்.

ஜூலை 10

தரையில் உட்கார்ந்து காய் நறுக்கியவளால் எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினாள், கை மடங்கியது. சுவரைப் பிடித்தாள், விரல் வழுக்கியது. நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். குழந்தையைத் தூக்குவது போல வந்துவிட்டாள். "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மெஷின் வேலையை நிறுத்திவிட்டேன்.

ஜூலை 13

கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நரம்பு டாக்டர் ஒரு பெண். வசந்தாமணியைக் குதிகாலில் நடக்கச் சொன்னார், முடியவில்லை. கண்ணை மூடச் சொல்லிக் கால் விரலை ஆட்டி, மேலா கீழா என்று கேட்டார். இவள் தப்பாகவே சொன்னாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கையிலும் காலிலும் கம்பி ஒட்டி கரண்ட் வைத்துச் சோதித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

பிறகு டாக்டர் கேட்டார். "வீட்டுல ஏதாவது கெமிக்கல் புழங்குறீங்களா? பெயின்ட், பசை, சாயம்? பனியன் கம்பெனி வேலைக்குப் போறீங்களாம்மா?"

வசந்தாமணி சொன்னாள்: "இல்லீங்க. வீட்டுலதான் இருக்கறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இல்லீங்க" என்றேன் நானும்.

அனுமதி இல்லாமல் கேன் கேனாகக் குடியிருப்பில் வைத்திருக்கிறேன், தெரிந்தால் போலீசுக்குப் போகும், வீடு போகும் என்று பயந்தேன். இப்போது அப்படித்தான் எழுதத் தோன்றுகிறது. அந்த அறையில் நின்றபோது போலீஸ் நினைப்பே வரவில்லை. அந்த டாக்டர் என்னை எப்படிப் பார்ப்பார் என்பது மட்டும்தான் வந்தது.

ஜூலை 15

மச்சான் முத்துரத்தினம் காங்கயத்திலிருந்து இளநீரோடு வந்தார். வசந்தாமணிக்கு அண்ணன் என்றால் உயிர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டார். அது அவளுக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"எப்பிடியம்மிணி வந்துச்சு இது?"

"நரம்புல சத்து இல்லையாமண்ணா. நம்ம பெரியம்மாவுக்கு இருந்துதே, அது மாதிரி."

பெரியம்மாவுக்கு மரத்துப்போனது சர்க்கரையால், இவளுக்கு அது இல்லை என்று இவளுக்கே தெரியும். மச்சான் என் தோளில் கை வைத்து, "மாப்ள, நீங்க இருக்கறீங்கன்னுதான் நான் தைரியமா இருக்கறேன்" என்றார். நான் இளநீரைக் குடித்தேன்.

ஜூலை 17

காரணம் தெரியாததால் முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். உடம்பே தன் நரம்பைத் தாக்கும் வியாதியாக இருக்கலாம், அப்படியானால் விலை அதிகமான மருந்து ஏற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன். வசந்தாமணியை ஸ்ட்ரெச்சரில் ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். முதுகுப் பக்கம் உடுப்பு திறந்திருந்தது. அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் அதை இழுத்து மூடப் பார்த்தாள். விரல் துணியைப் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றாள்.

ஓடிப்போய் நான் மூடிவிட்டேன். பிறகு டாக்டரின் அறைக்குள் கேட்காமல் நுழைந்தேன்.

"அம்மா, ஊசி வேண்டாமுங்க. வீட்டுல சால்வென்ட் இருக்குதுங்க. மெஷின் பாகம் கழுவறது. அவதான் கழுவறா. கதவச் சாத்திட்டு."

"எத்தனை நாளா?"

"பிப்ரவரியிலிருந்துங்க."

"தினமுமா?"

"தினமும்ங்க. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அன்னைக்கு உங்க ரெண்டு பேரையும் கேட்டேனே?"

 திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. போனை எடுத்து, ஊசியை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார். பிறகு என்னிடம், "சில சால்வென்ட் நரம்பைக் கெடுத்துரும். போய் அது என்ன சால்வென்ட்னு பேரு கேட்டுட்டு வாங்க" என்றார்.

ஜூலை 18

கெமிக்கல் கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். "பேருங்களா? ஹெக்சேன்தாண்ணா. அதுவே முக்கால்வாசி."

"இது நரம்பைத் தின்னும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"மில்லுல எல்லாம் குழாய்க்குள்ளேயே ஓடுமுண்ணா. வீட்டுக்குள்ள பூட்டிட்டு வெச்சு உங்களை யாரு கழுவச் சொன்னா? பெட்ரோலு மாதிரி பத்திக்கும் வேற. நெடி அடிக்குமான்னு கேட்டீங்க, வெலை கேட்டீங்க. வேற எதுவுமே நீங்க கேக்கலியே."

சண்டை போடத்தான் போனேன். வண்டியை எடுத்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

பெயரைச் சொன்னதும் டாக்டர் தலையசைத்தார். அந்த ஆவியை மாசக்கணக்கில் மூச்சில் இழுத்தால் கை கால் நுனியிலிருந்து நரம்பு கெட்டுக்கொண்டே வருமாம். இதற்கென்று தனி மருந்து கிடையாது. அதிலிருந்து விலகி இருப்பதுதான் மருந்து. "விலகின பிறகும் ரெண்டு மூணு மாசம் இன்னும் மோசமாகும். பயந்துடாதீங்க. அதுக்கப்புறம் மெதுவா திரும்பும். முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

மிச்சம் இருந்த கேன்களைக் கடைக்காரரையே வந்து எடுத்துப் போகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 4

டாக்டர் சொன்னது போலவே மோசமாகிறது. சோறு பிசைய முடியவில்லை. நான் ஊட்டுகிறேன். ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன். "நல்லாருக்குதுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 11

தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஓவர்லாக் அடிச்ச மாதிரி இருக்குது" என்றாள்.

ஆகஸ்ட் 20

விஷயம் தெரிந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று நின்றேன். வசந்தாமணியின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதார். "என்னாலதான் கதவச் சாத்துனீங்களா? சாமி ரூமு நாறுனா நாறட்டும்னு விட்டிருப்பனே, சொல்லியிருக்கலாமே சிகாமணி."

இத்தனை நாளும் மனதுக்குள் இந்தம்மாளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இவர் மட்டும் அன்றைக்கு இறங்கி வராமல் இருந்திருந்தால் என்று. அது வசதியாக இருந்தது.

இனி வேலை செய்வதானால் பின்னால் போர்வெல் பக்கத்துத் தகரக் கொட்டகையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நாலு பக்கமும் காற்று வரும்.

ஆகஸ்ட் 30

இதை எழுதாமல் இந்த டைரியில் வேறு எதையும் எழுதிப் பயனில்லை.

பிப்ரவரி ஆறாம் தேதி காலையில் நான் நன்றாகச் சாப்பிட்டேன். நாலு தோசை. கழுவ ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது, குமட்டியது. வாசற்படிக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அதனால்தான் பிரஷ்ஷை அவளிடம் கொடுத்தேன். ஆர்டர் பிடிக்கப் போனது, அவள் விரல் நுணுக்கம் எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது. அவளுக்கும் சுற்றும் என்று எனக்குத் தெரியாதா? யோசிக்காமல் இருந்தால் தெரியாமல் இருந்துவிடலாம் என்று இருந்தேன்.

செப்டம்பர் 9

மறுபடி கோவை. நோய் நின்ற இடத்தில் நிற்கிறது. அதுவே நல்ல செய்தி என்கிறார் டாக்டர். கிளம்பும்போது கேட்டார்: "இதே சால்வென்ட்டை வேற யாராவது வீட்டுல வெச்சுப் பண்றாங்களா? உங்களுக்குத் தெரிஞ்சவங்க?"

"தெரியலீங்க" என்றேன்.

பஸ்ஸில் வசந்தாமணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். அவிநாசி தாண்டியதும் சொன்னாள்: "ஆரோக்கியராஜுக்கு அவங்க அக்காதான் கழுவிக் குடுக்குதாம். போன மாசம் போன்ல சொல்லுச்சு."

"போய்ச் சொல்லிட்டு வந்தர்றேன். நீயும் வர்றியா?"

"நான் வரலீங்க. என்னக் காட்டிச் சொல்ல வேண்டாம். நீங்களே சொல்லுங்க."

செப்டம்பர் 10

ஆரோக்கியராஜ் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தான். "அந்த சால்வென்ட்டு சரக்கு இப்பச் சரியில்ல, மாத்திரு" என்றேன். "எனக்கு நல்லாத்தான்ணே இருக்கு" என்றான். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. மோட்டார் சத்தம் கேட்டது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

 வசந்தாமணி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 11

மறுபடி போனேன். இந்த முறை உட்காரவில்லை. நேராக உள்ளறைக் கதவைத் திறந்தேன். ஆரோக்கியராஜின் அக்கா பிலோமினா பிரஷ்ஷோடு நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, வெளிய வாங்க. இதைத் தொடாதீங்க" என்றேன்.

ஆரோக்கியராஜ் பின்னாலேயே ஓடி வந்தான். "என்னண்ணே, என்ன?"

நின்றுகொண்டே சொன்னேன். வசந்தாமணிக்கு வந்தது சத்துக் குறைவு இல்லை, இதுதான், ஜூலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார் என்று சொன்னேன். முதலில் எனக்குத்தான் தலை சுற்றியது, அதனால்தான் அவளைக் கழுவ வைத்தேன் என்று சொன்னேன். நேற்று இதைச் சொல்லத்தான் வந்தேன், டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டேன் என்றும் சொன்னேன்.

பிலோமினா அக்கா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, எனக்கு ஒரு மாசமா கால் பெருவிரல் மரத்துப் போகுது. வாதம்னு தைலம் தேச்சுக்கிட்டு இருக்கேன். இதுதானா?"

ஆரோக்கியராஜ் என் சட்டையைப் பிடித்தான். "ஜூலையிலயே தெரியுமா உங்களுக்கு? ஜூலையிலயா? ஒரு போன் போட முடியலையாண்ணே?" அக்கா அவன் கையை எடுத்துவிட்டார். நான் சட்டையைச் சரிசெய்துகொள்ளவில்லை. டாக்டரின் பெயரையும் எந்த நாளில் பார்ப்பார் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன். வாசல் வரை யாரும் வரவில்லை.

செப்டம்பர் 12

வசந்தாமணி கேட்டாள்: "எல்லாத்தையும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"தலை சுத்துனதையுமா?"

அவளிடம் அதை நான் சொன்னதே இல்லை. இந்த டைரியைப் புரட்ட அவள் விரல்களால் முடியாது.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வாசப்படியில தலையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தீங்களே, நான் சமையக்கட்டுல இருந்து பாத்தனுங்க. மறுநாளும் பாத்தேன். அப்புறம் பிரஷ்ஷ எங்கையில குடுத்தீங்க."

"பின்ன ஏன் புள்ள கழுவுன?"

"நீங்க குடுத்தீங்க." மடியில் கிடந்த தன் விரல்களைப் பார்த்தபடி, "எனக்குச் சுத்துனப்ப, நீங்களா வந்து கேப்பீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னேன்.  முடித்ததும், "உலையில தண்ணி கொதிக்குது, போய் அரிசியப் போடுங்க" என்றாள்.

அக்டோபர் 2

பேச்சு தேவைக்கு மட்டும்தான். மாத்திரை, தண்ணீர், வெளிச்சம் போடு, அணை.

மச்சானுக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 21

ஆரோக்கியராஜ் போன் செய்தான். அக்காவுக்கு ஆரம்ப நிலையாம், சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். "அதச் சொல்லத்தான் போட்டேன்" என்றான். அண்ணே என்று கூப்பிடவில்லை.

நவம்பர் 14

வசந்தாமணி தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தானே காபி குடித்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து, "என்னத்தப் பாக்கறீங்க? வேலையப் பாருங்க" என்றாள். இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நாளாகிவிட்டது.

நவம்பர் 26

கொட்டகையில் சுடுதண்ணீரும் சோப்பு ஆயிலும் வைத்துக் கழுவுகிறேன். ஊறவைத்து, தேய்த்து, வெயிலில் பரப்பி, எண்ணெய் பூசுகிறேன். ஒரு மெஷினுக்கு ஒரு நாள் முழுக்க ஆகிறது. சில கம்பெனிகள் வேறு ஆளிடம் போய்விட்டன. போகட்டும். ஆனால் கருகிப்போன பழைய களிம்பு சோப்பில் அசைய மாட்டேன் என்கிறது. அதற்கு மட்டும் ஏதாவது ஒன்று வேண்டும். எந்தக் கடைக்கும் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டிசம்பர் 8

"வண்டிய எடுங்க. கெமிக்கல் கடைக்கு நானும் வர்றேன்" என்றாள் வசந்தாமணி. தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைச் சுற்றிக் கையைக் கோத்துக்கொண்டாள். பிடி தளர்வாகத்தான் இருந்தது. மெதுவாக ஓட்டினேன்.

வேறு கெமிக்கல் கடை. படி ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனதும் கையை எடுத்துவிட்டு, மேஜையில் ஊன்றி நின்றாள். கடைக்காரர் என்னிடம் "என்ன வேணுங்க?" என்றார். அவள்தான் பேசினாள்.

"மெஷினுல புடிச்ச கருப்புக் களிம்பு போகோணுங்க. என்ன வெச்சிருக்கறீங்க?"

அவர் இரண்டு மூன்று கேன்களை எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. அவள் ஒவ்வொன்றையும் திருப்பச் சொன்னாள்.

"இதுல ஹெக்சேன் இருக்குதுங்களா?"

"அதுல இருக்குதுங்க. இதுல இல்ல."

"அப்ப அது வேண்டாமுங்க. இது சீக்கிரம் தீப்புடிக்குமா?"

"டர்பன்டைன் வகைங்க. பெட்ரோலு மாதிரி டப்புனு புடிக்காது. இருந்தாலும் நெருப்புப் பக்கம் வேண்டாம். நெடி கொறச்ச சரக்கு இது, சித்தே வெலை கூட."

"நெடி இருந்தா இருக்கட்டுமுங்க. தெரியறது நல்லதுதான். மூச்சுல போனா என்ன பண்ணும்? தெனமும் புழங்குனா?"

கடைக்காரர் இப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "காத்தாட இருக்கற எடத்துல வெச்சுக் கழுவோணும், கையில நைட்ரைல் ரப்பர் கையுறை போட்டுக்கோணும், வேல முடிஞ்சா மூடிரோணும். தலைவலி வந்தா எந்திரிச்சு வெளிய வந்தரோணும். கொஞ்சமா ஊத்தி, கடைசிக் களிம்புக்கு மட்டும் வெச்சுக்கிட்டா ரொம்ப நாள் வரும்."

"கையுறை எந்த அளவு இருக்குது? பெரிய கைக்கு வேணும்."

அவர் அவள் கையைப் பார்த்தார். மேஜை மேல் ஊன்றியிருந்த அந்தக் கை மெலிந்திருந்தது. "உங்க கைக்குச் சின்னதே போதுமுங்களே அக்கா?"

"எனக்கில்லீங்க" என்றாள் வசந்தாமணி. "கழுவறது இவருதான். இவருக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதில்லீங்க."

நான் கடைக்கு வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் நின்றேன். அவள் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள்.